ஏற்றத்தில் வண்டி கொதித்தால்... பழைய வாகனத்தின் விசிறியைத் தெரிந்து கொள்வோம்



ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் கார் என்றால் அது துரை பங்களா வாசலில்தான் நிற்கும். இன்று அப்படியில்லை. இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று எங்கே போனாலும் லயத்து ஓரத்தில் ஒரு பழைய வேனோ, சிறி நம்பர் காரோ, முச்சக்கர வண்டியோ நிற்கிறது. ஓய்வு பெறும்போது கிடைத்த சேமலாப நிதியிலும், கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் பிள்ளை அனுப்பிய காசிலும் வாங்கியவை அவை. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. அதனால் பழசை வைத்துக் காப்பாற்றுவதைத் தவிர நம்மில் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

பழைய வண்டியைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். அந்தச் சூட்டோடு போராடுவது முன்பக்கத்தில் சுற்றும் ஒரு விசிறி. அதைப் பற்றியே இந்த இதழில் படிக்கப் போகிறோம்.

ஓர் இரவில் நாம் கண்டது

பலாங்கொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில், இரவு பத்து மணிக்கு ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டது. கீழே டவுனிலிருந்து ஹயர் வேன் ஒன்றைக் கூப்பிட்டோம். வேன் வந்தது. ஆனால் பாதி ஏற்றத்தில் பொனட்டுக்குள்ளிருந்து புகை போல ஆவி எழும்ப, டிரைவர் நிறுத்திவிட்டார். கடைசியில் ஆம்பிளைகள் நாலு பேர் அந்தத் தாயை நாற்காலியில் வைத்து, டோர்ச் வெளிச்சத்தில் வேன் நின்ற இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது, தண்ணீரும் ஊற்றியாயிற்று. இறக்கத்தில் வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் ஒரு மணி நேரம் வீணானது. எல்லா இரவிலும் அப்படி ஒரு மணி நேரம் நமக்குக் கிடைக்காது.

அடுத்த நாள் டிரைவரிடம் கேட்டோம். "தம்பி, முன்னாடியே தெரியலயா?"

"தெரியும் ஐயா. ரெண்டு கிழமையா விசிறி சுத்தல. ஆனா பெல்மதுளை ரோட்டுல ஓடுறப்போ முள்ளு ஏறவே இல்ல. அதான் பிறகு பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. சமதரையில் முள் ஏறவில்லை என்பது உண்மை. அது ஏன் என்று புரிந்துகொண்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

விசிறி எப்போது தேவை?

எஞ்சினுக்குள் எரியும் பெற்றோல் அல்லது டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் தண்ணீர் சுமந்து வெளியேற்ற வேண்டும். தண்ணீர் பம்ப் அந்தத் தண்ணீரை எஞ்சினைச் சுற்றி ஓடவைத்து ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்றுப் போகும்போது தண்ணீர் ஆறுகிறது.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் எதிர்க்காற்றே போதும். அப்போது விசிறி சும்மா இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் முதலாம் கியரில், ஆட்களையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் தோட்டப் பாதையில் ஏறும்போது எஞ்சின் முழுப் பலத்தோடு வேலை செய்கிறது. சூடு அதிகம், எதிர்க்காற்றோ இல்லை. அந்த நேரத்தில் ரேடியேட்டருக்கு விசிறி ஒன்றுதான் துணை. அதனால்தான் பெல்மதுளை ரோட்டில் தெரியாத குறை தோட்டத்து ஏற்றத்தில் தெரிந்தது. கேகாலைப் பக்கத்தில் மாவனல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏறும்போதும், கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏறும்போதும் இதே கதைதான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைகிறது. 300 மீற்றருக்குச் சுமார் ஒரு பாகை என்று கணக்கு வைக்கலாம். இரத்தினபுரி டவுனில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஆயிரம் மீற்றர் உயரத்திலுள்ள தோட்டத்தில் 97 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் தண்ணீர் 115 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியின் றப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விசிறி நல்லதாக இருந்தும் வண்டி கொதித்தால் முதலில் மூடியைப் பாருங்கள். புதிது வாங்கும்போது அதன் மேல் அச்சடித்துள்ள அழுத்த எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

மூன்று வகை விசிறிகள்

முதலாவது, பெல்ட்டில் ஓடும் நிலையான விசிறி. மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய கார்களில் இருப்பது. தண்ணீர் பம்பின் முகப்பிலேயே பொருத்தியிருக்கும். எஞ்சின் ஓடினால் விசிறியும் ஓடும். பழுதாக அதிகம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, பிசுபிசுப்புக் கிளச் உள்ள விசிறி. டீசல் வேன்கள், ஜீப்புகள், பிக்கப்புகள் பலவற்றில் காணலாம். இதுவும் பெல்ட்டில்தான் ஓடுகிறது. ஆனால் நடுவில் சிலிக்கோன் எண்ணெய் அடைத்த ஒரு குடம் இருக்கும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் குடத்தின் முன்னால் உள்ள சிறு உலோகச் சுருள் விரிந்து எண்ணெய்க்கு வழிவிடும். விசிறி இறுக்கமாகப் பிடித்துச் சுற்றும். ஆறினால் தளர்ந்துவிடும்.

மூன்றாவது, மின்சார விசிறி. மாருதி 800 போன்ற, எஞ்சின் குறுக்காக வைத்த கார்களில் உள்ளது. பெட்டரியிலிருந்து ஓடும் மோட்டார் இது. தண்ணீர் சூடானதும் ஒரு வெப்ப சுவிட்ச் ரிலேக்குச் சொல்ல, ரிலே மோட்டாரை ஓட்டுகிறது.

பழைய பஜாஜ் முச்சக்கர வண்டிக்கு ரேடியேட்டரே கிடையாது. சுழலும் சக்கரத்தோடு சேர்ந்த விசிறி, ஒரு தகரக் கூட்டின் வழியாகக் காற்றை நேரே எஞ்சின் மேல் தள்ளுகிறது. அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் காற்று எஞ்சினுக்குப் போகாது. எஞ்சினின் செதில்களில் எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தாலும் சூடு வெளியேறாது. முச்சக்கர வண்டிக்காரர் இந்த இரண்டையும் கவனித்தால் போதும்.

சூடு எப்போது வருகிறது என்று கேளுங்கள்

டொக்டர் "எப்போது வலிக்கிறது?" என்று கேட்பது போல, வண்டியிடமும் கேட்க வேண்டும்.

நிற்கும்போதும் மெதுவாக ஏறும்போதும் மட்டும் சூடேறி, வேகமாக ஓடினால் இறங்கினால்: விசிறியைச் சந்தேகியுங்கள்.

சமதரையில் வேகமாக ஓடும்போதும் சூடேறினால்: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, தண்ணீர்க் குறைவு, தளர்ந்த பெல்ட், தண்ணீர் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணிச் சில நிமிடத்திலேயே முள் உச்சிக்குப் போனால்: தண்ணீர் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிவிட்டது.

ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், எஞ்சின் ஒயில் பால் தேத்தண்ணி நிறமானால்: ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். அதற்கு விசிறி மாற்றி மருந்தில்லை. உடனே கராஜுக்குக் கொண்டு போங்கள்.

பெல்ட் விசிறியைச் சோதித்தல்

எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகே கையை உள்ளே விடுங்கள். பெல்ட்டின் நீளமான பக்கத்தின் நடுவைக் கட்டை விரலால் அழுத்துங்கள். சுமார் ஒரு சென்ரிமீற்றர் உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் தளர்ச்சி. கொஞ்சமும் போகாவிட்டால் அளவுக்கு மேல் இறுக்கம். அது பம்பின் பெயாரிங்கைத் தின்றுவிடும். பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தாலும் வெடித்திருந்தாலும் மாற்றுங்கள். ஓடும்போது சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். இவ்வகை வண்டிகளில் பெல்ட் போனால் விசிறியோடு தண்ணீர் பம்பும் நின்றுவிடும். "அடுத்த சந்தி வரைக்கும் போகலாம்" என்று எண்ணாதீர்கள்.

கிளச் விசிறிக்கு மூன்று சோதனைகள் உண்டு. எஞ்சின் ஆறி நிற்கும்போது விசிறியைக் கையால் சுற்றிவிடுங்கள். ஓர் இழுவை தெரிய வேண்டும். பம்பரம் போலப் பல சுற்றுச் சுற்றினால் கிளச் செத்துவிட்டது. அடுத்து, இதழைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் அதிகமிருந்தால் பெயாரிங் தேய்வு. மூன்றாவது, குடத்தைச் சுற்றி எண்ணெய்க் கசிவு வரிவரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் பழுதான கிளச்சை போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். அவசரத்துக்கு வீடு வந்து சேர அது உதவும். நிரந்தரமாக வைத்தால் டீசலும் கூடும், பம்பும் கெடும்.

மின்சார விசிறியைச் சோதித்தல்

அன்றிரவு வேனில் பழுதானது இந்த வகைதான். படிப்படியாகப் போங்கள். இரண்டு வயர் இணைத்த ஒரு 12 வோல்ட் பல்பு கையில் இருந்தால் போதும். ஒன்று கவனம்: சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுற்றும். அதனால் கழற்றும் வேலைக்கு முன் பெட்டரி வயரைக் கழற்றுங்கள்.

1. தண்ணீர் அளவைப் பாருங்கள். வெப்ப சுவிட்ச் தண்ணீருக்குள் இருந்தால்தான் சூட்டை உணரும். தண்ணீர் குறைந்து, அது வெறும் ஆவியில் நின்றால் எஞ்சின் கொதித்தாலும் விசிறி வராமல் போகலாம்.

2. பியூசைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ளதைப் போடுங்கள். வெள்ளிக் கடதாசியோ, தடித்த கம்பியோ சுற்றாதீர்கள். வண்டியே தீப்பிடிக்கலாம். புதிய பியூசும் எரிந்தால் வயர் எங்கோ உடலில் தொடுகிறது, அல்லது மோட்டார் இறுகிவிட்டது.

3. மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பியூஸ் உள்ள வயரால் பெட்டரியிலிருந்து நேரே கரன்ட் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. சுற்றாமல், மெதுவாகத் தட்டினால் சுற்றினால், உள்ளே உள்ள கார்பன் தேய்ந்திருக்கிறது.

4. வெப்ப சுவிட்சைப் பாருங்கள். இதில் இரண்டு சாதி உண்டு. பல கார்களில் சூடானால் சுவிட்ச் சேரும். அதன் இரண்டு வயரையும் ஒன்றாக இணைத்தால் விசிறி ஓட வேண்டும். பழைய டொயோட்டா கார்கள் பலவற்றில் இது தலைகீழ். சூடானால் சுவிட்ச் பிரியும். அங்கே சாவியைத் திருப்பி வைத்து, சுவிட்சின் வயரைக் கழற்றினாலே விசிறி ஓட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல சுவிட்சைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

5. ரிலேயைப் பாருங்கள். ஒரே மாதிரியான வேறொரு ரிலே வண்டியில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

6. உடலோடு சேரும் எர்த் வயரைப் பாருங்கள். நமது இரத்தினபுரி மழைக்கு இந்த இணைப்புகள் சீக்கிரம் பூத்துப் போகும். சுரண்டிச் சுத்தமாக்கி இறுக்குங்கள்.

அந்த வேனில் கண்டது என்ன தெரியுமா? விசிறியின் வயர் ஒரு தகட்டு விளிம்பில் உரசி, தோல் போய், பியூசை எரித்திருந்தது. கொஞ்சம் டேப்பும் ஒரு பியூசும்தான் அதற்கு மருந்து.

புது விசிறி தேர்ந்தெடுத்தல்

முதல் அறிவுரை: வண்டியோடு வந்த விசிறி வேலை செய்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கேகாலைப் பக்கத்தில் மொரிஸ் மைனர் வைத்திருக்கும் ஒரு வாசகர், "மின்சார விசிறி போட்டா நல்லதாமே?" என்று நம்மிடம் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினோம்.

1971 வரை தயாரிக்கப்பட்ட அந்தக் காரில் இருப்பது டைனமோ. நல்ல வேகத்தில் ஓடினால்தான் அது சுமார் 22 அம்பியர் தரும். மழை இரவில் பெரிய விளக்குகளுக்கு 8 அம்பியர், பின்விளக்குகளுக்கு 2, வைப்பருக்கு 3, எரியூட்டலுக்கு 4. மொத்தம் 17. மின்சார விசிறிக்கு இன்னும் 10 சேர்த்தால் 27. வரவு 22, செலவு 27. மெதுவாக ஏறும்போது டைனமோ இன்னும் குறைவாகத்தான் தரும். மீதியைப் பெட்டரி கொடுத்துக் கொடுத்து நடுவழியில் ஓய்ந்துவிடும். ஆகவே ஒல்டர்னேட்டர் மாற்றாமல் மின்சார விசிறி போடக்கூடாது. அந்தக் கார்களில் பெட்டரியின் பிளஸ் முனை உடலோடு சேர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. வயரை மாறிக் கொடுத்தால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

ரேடியேட்டரின் முகத்தை எவ்வளவு கூடுதலாக மூடுமோ அவ்வளவு நல்லது. கைக்குக் கிடைத்த சிறிய விசிறியைத் திணிக்காதீர்கள்.

விசிறியைச் சுற்றியுள்ள கூட்டையும் சேர்த்து வாங்குங்கள். கூடு இல்லாவிட்டால் விசிறி, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்திலுள்ள சூடான காற்றையே திரும்பச் சுற்றும்.

ரேடியேட்டருக்குப் பின்னால் வைப்பது இழுக்கும் விசிறி. முன்னால் வைப்பது தள்ளும் விசிறி. இரண்டிலும் காற்று எஞ்சின் பக்கமே போக வேண்டும். சோதிக்க ஒரு வழி: விசிறி ஓடும்போது வண்டியின் முன் கிறிலில் ஒரு கடதாசியை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்து விழுந்தால் பிழை.

இதழ் ஒன்று உடைந்திருந்தாலும் வாங்காதீர்கள். சமநிலை கெட்டு அதிரும். கடையிலேயே பெட்டரியில் கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கருகல் வாசம், முனகல் சத்தம், தண்டில் ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

பியூஸ், ரிலே இரண்டும் கட்டாயம். ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் பட்டி கோர்த்துக் கட்டாதீர்கள். அதிர்ந்து அதிர்ந்து ஓட்டை விழும். இரும்புப் பட்டியால் சட்டத்தில் பொருத்துங்கள்.

இரண்டு தவறான பழக்கங்கள்

"சூடு வருது, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிடு" என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. எரிபொருளும் தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு இன்னும் ஏறும்.

இன்னொன்று, வெப்ப சுவிட்சைப் புறக்கணித்து, டிரைவர் கையால் போடும் சுவிட்ச் வைப்பது. கூடுதல் உதவிக்கு அது இருக்கலாம். அதை மட்டுமே நம்பினால், மறந்துபோகும் ஒரு நாள் கட்டாயம் வரும்.

வழியில் கொதித்துவிட்டால்

ஓரமாக நிறுத்துங்கள். ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த சாக்கை மேலே போட்டு, முதலில் கொஞ்சமாகத் திருப்பி ஆவியை விட்டுப் பிறகு திறங்கள். வற்றிச் சூடாக இருக்கும் எஞ்சினில் ஓடைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கூலன்ட் பாவிப்பது நல்லது. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் கூட்டும். ஆனால் அது இனிப்பான நஞ்சு. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். விசிறி ஓடும்போது சேலைத் தலைப்பு, சால்வை, அவிழ்ந்த முடி எதுவும் பொனட் பக்கம் போகக்கூடாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு

சம்பளம் வாங்கிய அடுத்த ஞாயிறு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீர் அளவு, பெல்ட், ஹோஸ், மூடி, ரேடியேட்டர் முகம் ஆகிய ஐந்தையும் பாருங்கள். மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுத்தமில்லாத தண்ணீரால் கழுவுங்கள். பிறகு வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, விசிறி வந்து, முள் நடுவில் நிற்கும்வரை காத்திருங்கள். சமதரை ஓட்டம் காட்டாத குறையை இந்தக் காத்திருப்பு காட்டிவிடும்.

பயணிகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு. ஹயர் பேசும்போது விலையை மட்டும் கேட்கிறோம். "தம்பி, விசிறி சுத்துதா?" என்றும் ஒரு வார்த்தை கேட்போம். நோயாளியை ஏற்றப் போகும் வண்டியைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஒரு பியூசின் விலை ஒரு பிளேன்டீயின் விலைதான். ஹெட் கழற்றும் செலவோ பல மாதச் சம்பளம். ஓர் உயிருக்கு விலையே இல்லை. இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, உங்கள் டிவிஷனில் வண்டி வைத்திருப்பவர் கையில் கொடுங்கள்.

படித்ததை மீட்டிப் பார்ப்போம்

1. சமதரையில் ஏறாத சூடு ஏற்றத்தில் ஏறுவது ஏன்?
2. தண்ணீர் குறைந்தால் மின்சார விசிறி வராமல் போவது ஏன்?
3. கடதாசியை வைத்து விசிறியைச் சோதிப்பது எப்படி?

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து பதில் சொல்லிப் பாருங்கள். அவர்களில் ஒருவர் நாளைக்கு நல்ல பாஸ் ஆகலாம்.